வார்டுக்கு வரும் கருப்பட்டி பிஸ்கட்

மாலை நான்கு மணிக்குப் பார்வையாளர் நேரம் தொடங்கியதும் நம் மருத்துவமனையின் உள்நோயாளர் பகுதிக்குள் எவர்சில்வர் தூக்குகளும் டிபன் டப்பாக்களும் அணிவகுத்து நுழைகின்றன. இட்லி, ரசம் சாதம், ஆப்பிள், இளநீர் ஆகியவை வழக்கமானவை. அண்மைக் காலமாக அவற்றோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டிருக்கிறது: சுக்கும் பட்டையும் மணக்கும், கரும்பழுப்பு நிறமான, மென்மையான பிஸ்கட். "கடையில் வாங்கியது இல்லை, வீட்டில் சுட்டது. சீனி ஒரு துளிகூடப் போடவில்லை, முழுக்கக் கருப்பட்டிதான்" என்று உறவினர்கள் பெருமிதத்தோடு சொல்கிறார்கள். அந்தப் பெருமிதத்தில் தவறு ஒன்றுமில்லை. அதைத் தொடர்ந்து வரும் முடிவில்தான் தவறு இருக்கிறது.

காலில் ஆறாத புண்ணுடன் சேர்க்கப்பட்டிருந்த அறுபத்தெட்டு வயது அம்மா ஒருவருக்குச் சர்க்கரை அளவு மூன்று நாள்களாகக் கட்டுக்குள் வரவில்லை. மருத்துவமனை உணவு அளவோடுதான் போயிற்று. இன்சுலின் தவறாமல் போடப்பட்டது. ஆயினும் இரவு எடுத்த அளவு ஒவ்வொரு நாளும் ஏறியே இருந்தது. இன்சுலினைக் கூட்டுவது பற்றிப் பேச்சு எழுந்த வேளையில், இரவுப் பணியில் இருந்த செவிலியர் படுக்கையருகே இருந்த சிறு அலமாரியைத் துடைக்கப் போய் விடையைக் கண்டுபிடித்தார். ஒரு டப்பாவில் உள்ளங்கை அகலப் பிஸ்கட்டுகள் பாதி காலியாகியிருந்தன. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஷிப்டு முடித்துவிட்டு நேரே வார்டுக்கு வரும் மகன், மனைவி சுட்டுக் கொடுத்ததை அன்போடு கொண்டுவந்திருந்தார். "கருப்பட்டி சர்க்கரை நோய்க்கு நல்லது என்றுதானே சொல்கிறார்கள்?" என்று அவர் கேட்டதில் பொய்யில்லை. அப்படித்தான் எல்லோரும் சொல்கிறார்கள்.

அந்தக் கேள்விக்கு அன்று நின்றபடியே சொன்ன விடையைச் சற்று விரித்து எழுதுவதே இக்கட்டுரை. பிஸ்கட்டை நிறுத்துங்கள் என்று சொல்வதற்காக எழுதப்பட்டதன்று. நன்றாகச் சுடுவது எப்படி, யாருக்கு எத்தனை, யாருக்கு அறவே கூடாது என்பவற்றைச் சொல்வதற்காக எழுதப்பட்டது.

ஆலைப் பாகும் பனம்பாகும்

இந்த மென்பிஸ்கட்டின் மூலவடிவம் வட அமெரிக்காவைச் சேர்ந்தது. அங்கே இதில் சேர்க்கப்படுவது மொலாசஸ். கரும்புச்சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரைப் படிகங்களைப் பிரித்தெடுத்த பிறகு எஞ்சும் கருநிறப் பாகுதான் அது. கரீபியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களிலிருந்து மலிவாகக் கிடைத்தமையால், வெள்ளைச் சர்க்கரை வாங்க இயலாத வீடுகளின் இனிப்பாக அது இருந்தது. நம் திருவள்ளூர் மாவட்டத்திலும் மொலாசஸ் உண்டாகிறது. திருவாலங்காட்டில் உள்ள திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலையைப் பலரும் அறிந்திருப்பீர்கள். ஆனால் நம் நாட்டில் ஆலைப் பாகு சமையலறைக்கு வருவதில்லை. அது பெரும்பாலும் வடிசாலைகளுக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் போகிறது. சாராயம் காய்ச்சப் பயன்படக்கூடியது என்பதால் அதன் விற்பனையும் போக்குவரத்தும் அரசுக் கட்டுப்பாட்டில் உள்ளன. உணவுத் தரத்தில் தூய்மை செய்யப்படாத அந்தப் பாகை யாரேனும் மலிவாகத் தருவதாகச் சொன்னாலும் வாங்க வேண்டாம்.

அதன் இடத்தை நம்மிடம் நிரப்புவது கருப்பட்டி. பழவேற்காட்டுப் பக்கம் போகிறவர்கள் வழிநெடுகப் பனைகளைக் காணலாம். இங்குள்ள பெண்கள் பனையோலையில் முடையும் கூடைகளும் பெட்டிகளும் பெயர்பெற்றவை. கருப்பட்டிக்கு மட்டும் தென் மாவட்டத்தைத்தான் நாடவேண்டியிருக்கிறது. புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிக் கருப்பட்டியின் பெயரைச் சொல்லாத கடை இல்லை. சொல்லப்படும் அளவுக்கு அது உண்மையில் உடன்குடியிலிருந்து வருகிறதா என்பது வேறு கேள்வி. சீனிப்பாகு கலந்து காய்ச்சிய கருப்பட்டி சந்தையில் தாராளமாகப் புழங்குகிறது. வீட்டில் செய்து பார்க்கும் சோதனைகள் எதுவும் உறுதியான விடை தருவதில்லை. நம்பிக்கையான இடத்தில் வாங்குவதே வழி.

குக்கீ என்னும் சொல்லுக்கும் நம் வட்டாரத்துக்கும் ஒரு தொலைதூர உறவு இருப்பதை இங்கே சொல்லாமல் போக மனமில்லை. சிறு கேக் என்று பொருள்படும் கூக்யே என்னும் டச்சுச் சொல்லிலிருந்தே ஆங்கிலத்தின் குக்கீ பிறந்தது. அந்த டச்சுக்காரர்கள் 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டியது நம் பொன்னேரி வட்டத்துப் பழவேற்காட்டில்தான். இக்கரையின் துணிகளைக் கப்பலேற்றிச் சென்று, கிராம்பும் சாதிக்காயும் விளையும் தீவுகளில் பண்டமாற்றுச் செய்தார்கள். அவர்களுடைய கல்லறைகள் இன்றும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் அங்கே நிற்கின்றன. இலங்கையில் அதே டச்சுச் சொல் கொக்கிஸ் என்று மருவி, அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் கலந்து அச்சில் பொரிக்கும் பலகாரத்தின் பெயராக நிலைத்துவிட்டது. நம் அச்சு முறுக்கின் உடன்பிறப்பு அது.

மென்மை எங்கிருந்து வருகிறது

சாதாரணச் சீனியில் சுட்ட பிஸ்கட் மொறுமொறுப்பாகவும் மொலாசஸில் சுட்டது மென்மையாகவும் இருப்பதற்குக் காரணம் சர்க்கரையின் வகை. வெள்ளைச் சீனி ஏறத்தாழ முழுவதும் சுக்ரோஸ். சுடும்போது உருகி, ஆறும்போது மீண்டும் இறுகுவது அதன் இயல்பு. மொலாசஸில் சுக்ரோஸுடன் குளுக்கோஸும் பிரக்டோஸும் தனித்தனியாகக் கலந்திருக்கின்றன. இவை படிகமாவதைத் தடுப்பதோடு, காற்றிலுள்ள ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்கின்றன. மொலாசஸ் சற்றே அமிலத் தன்மையும் உடையது. அதனால் சமையல் சோடாவோடு சேர்ந்து கரியமில வாயுவை எழுப்புகிறது. மாவு உப்பி, பிறகு தளர்ந்து பரவி, மேற்புறத்தில் அழகாக வெடிக்கிறது.

கருப்பட்டியை அப்படியே மாற்றிப் போட்டால் இவ்விரண்டும் முழுமையாக நிகழ்வதில்லை. பதநீர் புளித்துக் கள்ளாகாமல் இருக்கக் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவார்கள். ஆகவே பதநீரில் புளிப்பு அடங்கியிருக்கும். அதைக் காய்ச்சி எடுக்கும் கருப்பட்டியிலும் சோடாவை எழுப்பப் போதிய அமிலம் இராது. சோடா மட்டும் தனித்து நின்றால் பிஸ்கட்டில் சவுக்காரச் சுவை தட்டும். "யூடியூபில் பார்த்தபடியே செய்தேன், சோப்புபோல இருக்கிறது" என்று குறைப்படுபவர்களுக்கு விடை இதுதான். ஒரு மேசைக்கரண்டி புளித்த தயிர் சேர்த்தால் சோடாவுக்குத் துணை கிடைத்துவிடும். பாகு காய்ச்சும்போது அரைத் தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டால் சுக்ரோஸின் ஒரு பகுதி குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் பிரியும். சீனிப்பாகு பூத்துப்போகாமல் இருக்க நம் பாட்டிமார் எலுமிச்சை பிழிந்ததும் இதற்காகவே.

செய்யும் முறை

இருபத்துநான்கு சிறிய பிஸ்கட்டுகளுக்கு: தூளாக்கிய கருப்பட்டி 120 கிராம், தண்ணீர் இரண்டு மேசைக்கரண்டி, உப்பில்லாத வெண்ணெய் 90 கிராம், மைதா 120 கிராம், கோதுமை மாவு 100 கிராம், முட்டை ஒன்று, புளித்த தயிர் ஒரு மேசைக்கரண்டி, சமையல் சோடா அரைத் தேக்கரண்டி, எலுமிச்சைச் சாறு அரைத் தேக்கரண்டி. வாசனைக்குச் சுக்குத்தூள் ஒன்றரைத் தேக்கரண்டி, பட்டைத்தூள் ஒரு தேக்கரண்டி, கிராம்புத்தூள் கால் தேக்கரண்டி, மிளகுத்தூள் கால் தேக்கரண்டி, இரண்டு ஏலக்காய். முட்டை உண்ணாதவர்கள் முட்டையை விட்டு, தயிரை நான்கு மேசைக்கரண்டியாக உயர்த்திக்கொள்ளலாம். பிஸ்கட் சற்றுக் கேக் போல வரும், கெட்டுப்போகாது.

வெண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. கடையில் ரொட்டிக்குத் தடவ விற்கும் மஞ்சள் வெண்ணெயில் உப்பு கணிசமாக உண்டு. இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ள வீடுகளில் வெள்ளை வெண்ணெயே ஏற்றது. வனஸ்பதி வேண்டாம். எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு நூற்றுக்கு இரண்டு பங்கைத் தாண்டக்கூடாது என்னும் விதி 2022 சனவரி முதல் நடைமுறையில் உள்ளது. ஆயினும் வீட்டில் சுடுவதன் முதற்பயனே எந்தக் கொழுப்பு உள்ளே போகிறது என்பது நமக்குத் தெரிந்திருப்பதுதான்.

முதலில் கருப்பட்டியைத் தண்ணீருடன் சிறு தீயில் கரையுங்கள். கரைந்ததும் துணியில் வடிகட்டுவது கட்டாயம். மணலும் நாரும் சுண்ணாம்புத் துகளும் இல்லாத கருப்பட்டியை நான் கண்டதில்லை. வடித்த பாகில் எலுமிச்சைச் சாறு விட்டு மூன்று நான்கு நிமிடம் மட்டும் கொதிக்க விடுங்கள். தேன் பதம் போதும், கம்பிப் பதம் வரை போனால் பிஸ்கட் கல்லாகும். பிறகு முழுவதும் ஆறவிடுங்கள். சூட்டோடு ஊற்றினால் வெண்ணெய் உருகி ஓடும், முட்டை வெந்து திரியும். அவசரப்படுபவர்கள் தவறும் இடம் இது.

கொதிக்கும் பாகு கொதிக்கும் நீரைவிடக் கொடியது. தோலில் ஒட்டிக்கொண்டு சூட்டை விடாமல் இறக்கும். அடுப்பருகே குழந்தைகளை நிறுத்தாதீர்கள். பாகு பட்டுவிட்டால் உடனே குழாய்த் தண்ணீரில், ஓடும் நீரில், இருபது நிமிடம் காட்டுங்கள். பற்பசை, மை, மாவு, ஐஸ் கட்டி எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் தளர மூடி மருத்துவமனைக்கு வாருங்கள். பற்பசை பூசிக்கொண்டு வருபவரின் புண்ணை ஆய்வதற்கு முன் அதைக் கழுவியெடுக்கும் வேதனை இரண்டாவது தீப்புண்ணுக்குச் சமம்.

வெண்ணெயைக் கரண்டியால் குழைத்து, ஆறிய பாகையும் முட்டையையும் தயிரையும் சேர்த்து அடியுங்கள். திரிந்ததுபோலத் தோன்றினால் கவலை வேண்டாம், மாவு சேர்ந்ததும் சரியாகிவிடும். மாவு வகைகள், சோடா, வாசனைப் பொடிகள் ஆகியவற்றைச் சேர்த்துச் சலித்து அதில் கொட்டி, மாவு தெரியாத அளவுக்கு மட்டும் கிளறுங்கள். சப்பாத்திக்குப் பிசைவதுபோல் பிசைந்தால் இறுக்கம் வந்துவிடும். இந்நிலையில் மாவு கையில் ஒட்டும். குளிர்பதனப் பெட்டியில் ஒரு மணி நேரம் வையுங்கள். கோதுமை மாவின் தவிடு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், வெண்ணெய் இறுகும். அதன் பின் எலுமிச்சை அளவினும் சிறிய உருண்டைகளாகப் பிடிக்கலாம். பச்சை மாவைச் சுவைத்துப் பார்க்கும் ஆசை குழந்தைகளுக்கு மட்டுமல்ல, நமக்கும் உண்டு. பச்சை முட்டையும் பச்சை மாவும் கிருமிகளைச் சுமப்பவை. புற்றுநோய் மருந்து எடுப்பவர், உறுப்பு மாற்று செய்துகொண்டவர், கருவுற்றவர் ஆகியோர் விரல் நுனியளவுகூடச் சுவைக்கக் கூடாது.

அடுப்புப் பெட்டி உள்ளவர்கள் 175 டிகிரியில் ஒன்பது முதல் பதினொரு நிமிடம் சுட்டால் போதும். இல்லாதவர்களே நம்மில் மிகுதி. அவர்களுக்கு அடிகனமான இரும்பு வாணலி போதும். அதில் ஓர் அங்குல உயரத்துக்குக் கல்லுப்பு பரப்பி, நடுவே வளையத் தாங்கி வைத்து, பொருத்தமான மூடியிட்டு, நடுத்தரத் தீயில் பத்து நிமிடம் சூடேற்றுங்கள். வெண்ணெய் தடவிய எவர்சில்வர் தட்டில் ஐந்தாறு உருண்டைகளை இடைவெளி விட்டு வைத்து, லேசாக அழுத்தி, தாங்கியின்மேல் இறக்கி மூடுங்கள். சிறு தீயில் பதினான்கு முதல் பதினாறு நிமிடம் ஆகும். வீட்டு அடுப்புகள் ஒன்றுபோல் இரா, ஆகவே முதல் தட்டைச் சோதனைத் தட்டாகக் கொள்ளுங்கள். பிரஷர் குக்கரை இதற்குப் பயன்படுத்துவது பரவலான பழக்கம். தண்ணீரில்லாமல் சூடேற்றினால் அலுமினியப் பாத்திரம் கெடும். கேஸ்கட்டையோ வெயிட்டையோ கழற்ற மறந்தால் ஆபத்து. நான் பரிந்துரைப்பதில்லை.

எப்போது எடுப்பது என்பதில்தான் இந்தப் பலகாரத்தின் உயிர் இருக்கிறது. ஓரம் இறுகி, நடு உப்பி, விரலால் தொட்டால் குழிவிழும் நிலையில், வேகவில்லையோ என்று ஐயம் எழும்போதே எடுத்துவிட வேண்டும். சூடான தட்டிலேயே ஐந்து நிமிடம் விட்டால் மிச்ச வேக்காடு தானே நிகழும். உள்ளே கெட்டியாகும்வரை காத்திருந்தால் ஆறியபின் அது பாட்டியின் பல்லுக்கு உதவாது.

எத்தனை

மேற்சொன்ன அளவில் சுட்டால் ஒரு பிஸ்கட்டில் ஏறத்தாழ 11 கிராம் மாவுச்சத்தும் 80 கலோரியும் இருக்கும். ஒரு சிறிய இட்லியில் உள்ள மாவுச்சத்துக்கு இது சமம். ஆனால் இட்லியில் இல்லாத ஐந்து கிராம் கருப்பட்டியும் நான்கு கிராம் அளவு வெண்ணெயும் இதில் உள்ளன. உள்ளங்கை அகலத்தில் சுட்டால் எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். நாம் முன்னர்ப் பார்த்த அம்மா நாளைக்கு நான்கு தின்றார். அதாவது உணவுக்கு மேல் எட்டுச் சிறிய இட்லி!

கருப்பட்டியின் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். சீனியில் உள்ள அதே சுக்ரோஸ். குடலுக்குப் பனைமரம் தெரியாது, கரும்புத் தோட்டமும் தெரியாது. நாளொன்றுக்கு நாம் உண்ணும் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சேர்க்கப்பட்ட சர்க்கரையிலிருந்து வரக்கூடாது, இருபதில் ஒரு பங்காகக் குறைத்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் வகுத்தது. 2000 கலோரி உண்பவருக்கு அது முறையே 50 கிராம், 25 கிராம். கருப்பட்டி, வெல்லம், தேன், நாட்டுச் சர்க்கரை எல்லாம் இந்தக் கணக்குக்குள்தான் வருகின்றன. கருப்பட்டிக் காப்பி இரண்டு வேளை குடிப்பவர்கள் பிஸ்கட்டைத் தொடுவதற்கு முன்பே கணிசமான பங்கைச் செலவிட்டிருப்பார்கள்.

சர்க்கரை கட்டுக்குள் இருக்கும் நீரிழிவு நோயாளர் மாலைத் தேநீருடன் ஒரு பிஸ்கட் உண்ணலாம். தேநீரில் இனிப்பு வேண்டாம், அன்றைய மாலைப் பலகாரம் அதுவாகவே இருக்கட்டும், கூடுதலாக அல்ல. கட்டுக்குள் இல்லாதவர், புண் ஆறிக்கொண்டிருப்பவர், அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவர் ஆகியோருக்கு இப்போதைக்கு வேண்டாம். உயர்ந்த சர்க்கரை புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும் என்பதே காரணம்.

இதற்கு நேர்மாறான ஒரு தவறு இன்னும் ஆபத்தானது. சர்க்கரை தாழ்ந்து கை நடுங்கி, வியர்த்து, படபடக்கும்போது சிலர் அவசரத்துக்குப் பிஸ்கட்டை எடுத்துத் தருகிறார்கள். இதிலுள்ள வெண்ணெய் சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ் பொடியையோ மூன்று தேக்கரண்டிச் சீனியையோ தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள், ஏறவில்லையென்றால் மறுபடியும் அதே அளவு கொடுங்கள். ஏறிய பிறகு ஒரு சிறு உணவு, அப்போது இந்தப் பிஸ்கட்டும் ஆகலாம். வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் மாத்திரை எடுப்பவர்களுக்குச் சீனி வேலை செய்யத் தாமதமாகும், அவர்கள் வீட்டில் குளுக்கோஸ் பொடியே இருக்க வேண்டும். மாத்திரை அட்டையை ஒருமுறை எடுத்துப் படித்துப் பாருங்கள். நினைவிழந்தவர் வாயில் எதையும் புகட்டக் கூடாது, 108ஐ அழையுங்கள்.

இரும்புச்சத்துக்காகத் தின்னலாமா என்பது பெண்கள் பிரிவில் அடிக்கடி எழும் கேள்வி. மொலாசஸ் 100 கிராமில் சுமார் 4.7 மில்லிகிராம் இரும்பு உண்டு. கருப்பட்டியிலும் ஓரளவு உண்டு, தயாரிப்புக்கேற்ப மாறும். மொலாசஸ் கணக்கையே எடுத்துக்கொண்டாலும் ஒரு பிஸ்கட்டில் சேரும் ஐந்து கிராமில் கால் மில்லிகிராம்கூட இல்லை. நம் நாட்டு வளர்ந்த பெண்ணுக்குப் பரிந்துரைக்கப்படுவது நாளுக்கு 29 மில்லிகிராம். நூறு பிஸ்கட் தின்று அந்த அளவை எட்ட முயல்வது இரத்தசோகைக்கு மருந்தாகாது, வேறு நோய்க்கு வழியாகும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிட்டுக் கருப்பட்டியை நம்பிய கருவுற்ற தாய்மார்களை ஆண்டுதோறும் பார்க்கிறோம். மாத்திரையைத் தேநீரோடு விழுங்காதீர்கள், அது இரும்பு உடலில் சேர்வதைக் குறைக்கும்.

யாருக்குத் தனிக் கவனம்

சிறுநீரக நோயாளருக்குப் பொட்டாசியம் ஒரு கணக்கு. மொலாசஸ் 100 கிராமில் ஏறத்தாழ 1460 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. காய்ச்சிச் சுண்டிய சாறு எதிலும் தாதுக்கள் செறிந்திருக்கும், கருப்பட்டியும் விலக்கன்று. ஒரு பிஸ்கட்டுக்கு எழுபது மில்லிகிராம் அளவே வரும். அதை மட்டும் பார்த்தால் பெரிதில்லை. இளநீர், பழச்சாறு, கருப்பட்டிக் காப்பி, கீரை என்று எல்லாம் ஒரே நாளில் சேரும்போதுதான் இதயத் துடிப்பைக் குலைக்கும் அளவுக்கு ஏறுகிறது. டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் எங்களைக் கேட்காமல் இதைத் தொடங்க வேண்டாம். சோடியம் பற்றி அஞ்ச வேண்டிய அளவு இதில் இல்லை. அரைத் தேக்கரண்டிச் சோடாவில் சுமார் 630 மில்லிகிராம் சோடியம், இருபத்துநான்காகப் பங்கிட்டால் ஒன்றுக்கு 26. சோடாவைக் கைப்போக்கில் அள்ளிப் போடுபவர்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது.

பட்டையில் இருவகை உண்டு. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் தடித்த, கெட்டியான பட்டையில் கூமரின் என்னும் பொருள் மிகுதி. நாள்தோறும் கரண்டிக் கணக்கில் உட்கொண்டால் அது கல்லீரலைப் பாதிக்கக்கூடும். தாள் சுருட்டியதுபோல் மெல்லிய அடுக்குகளாக இருக்கும் இலங்கைப் பட்டையில் அது மிகக் குறைவு. மேற்சொன்ன அளவுக்கு எதுவாயினும் கேடில்லை. சர்க்கரையைக் குறைக்கும் என்று கேள்விப்பட்டுத் தினமும் பட்டைப் பொடியை வெந்நீரில் கலந்து குடிப்பவர்கள் மட்டும் கல்லீரல் நோய் இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

பக்கவாதத்துக்குப் பின் விழுங்குவதில் இடர் உள்ளவர்களுக்கு இது மென்மையானது என்பதாலேயே பாதுகாப்பானது ஆகிவிடாது. மென்பிஸ்கட்டும் வாயில் உதிரும். உதிர்ந்த துகள் மூச்சுக்குழாய்க்குள் போனால் நுரையீரல் அழற்சி வரும். தேநீரில் தோய்த்துத் தருவது இன்னும் சிக்கல். கெட்டியும் நீர்மமும் ஒன்றாக வாய்க்குள் போவது அவர்களுக்குக் கையாளக் கடினமானது. விழுங்கும் திறனைச் சோதித்து அனுமதி தரும்வரை எதையும் ஊட்டாதீர்கள். உணவின்போது இருமினால், குரல் ஈரமாகக் கரகரத்தால், உடனே செவிலியரை அழையுங்கள். மாறாக, பல் எடுத்தவர்களுக்கும், கதிர்வீச்சுக்குப் பின் வாய் உலர்ந்தவர்களில் நன்றாக விழுங்கக்கூடியவர்களுக்கும் இது உகந்தது. வாய்ப்புண் இருந்தால் மிளகையும் கிராம்பையும் விட்டுவிட்டுச் செய்யுங்கள், அவை எரியும். இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குச் சேர்க்கப்பட்ட சர்க்கரை எதுவும் வேண்டாம், கருப்பட்டியும் அதில் அடங்கும்.

கெடாமல் வைப்பது

கடல் அருகே இருப்பதால் நம் ஊர்க் காற்றில் ஈரம் மிகுதி. கருப்பட்டி அதை ஈர்க்கும். மழைக்காலத்தில் மறுநாளே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், நான்காம் நாள் பூசணம் காட்டும். காற்றுப் புகாத டப்பாவில் இடையிடையே எண்ணெய்த்தாள் வைத்து மூன்று நாள் வெளியில் வைக்கலாம். குளிர்பதனப் பெட்டியில் ஒரு வாரம் தாங்கும். கோடையில் அவை சற்று இறுகினால் டப்பாவுக்குள் ஒரு துண்டு ரொட்டியை இரவு முழுவதும் வையுங்கள். பிஸ்கட் அதன் ஈரத்தை எடுத்துக்கொள்ளும். பூசணம் கண்ட இடத்தைக் கிள்ளி எறிந்துவிட்டு மற்றதை உண்பது வழக்கமாக இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத இழைகள் உள்ளே பரவியிருக்கும், முழு டப்பாவையும் கொட்டிவிடுங்கள்.

இதைவிடச் சிறந்த வழி, சுடாத உருண்டைகளை உறைபெட்டியில் ஒரு மாதம் வரை வைத்திருப்பது. வேண்டும்போது நான்கைந்தை மட்டும் எடுத்து, சுடும் நேரத்தை இரண்டு நிமிடம் கூட்டிச் சுடலாம். கண்முன்னே இருபத்துநான்கு இருக்கும்போது ஒன்றோடு நிறுத்துவது யாருக்கும் கடினம். நான்கு மட்டும் இருந்தால் வீட்டில் ஆளுக்கொன்றோடு தீர்ந்துவிடும்.

வார்டுக்குக் கொண்டுவருவதானால் படுக்கையருகே டப்பாவை விட்டுச் செல்லாதீர்கள். எறும்பு வரும் என்பது சிறிய காரணம். செவிலியரிடம் காட்டிவிட்டு, ஒன்றை மட்டும் கொடுத்து, மற்றதைத் திரும்ப எடுத்துச் செல்லுங்கள். அவர் அதை நோயாளரின் உணவுக் குறிப்பில் நேரத்தோடு எழுதிவைப்பார். இரவு இன்சுலினைத் தீர்மானிக்கும் மருத்துவருக்கு அந்த ஒரு வரி தேவைப்படுகிறது. மேலே சொன்ன அம்மாவின் மகன் இப்போது அப்படித்தான் செய்கிறார். அவருடைய மனைவி எங்களிடம் கேட்டுப் பிஸ்கட்டின் அகலத்தைப் பாதியாக்கிவிட்டார். அம்மாவின் புண் சுருங்கத் தொடங்கிய வாரத்திலிருந்து, வெள்ளிக்கிழமை மாலைகளில் மட்டும், ஒன்று.